கேளிக்கைப் பூங்காவில் பந்தய ஓட்டம்

ஓடுகின்ற வண்டியில் அமர்ந்திருப்பவனுக்குப் பக்கத்தில் மற்றொரு வண்டி வந்துவிட்டால், அதுவரை அயர்ந்து கிடந்தவனும் நிமிர்ந்து உட்காருகிறான். ரயிலில் செல்லும்பொழுது அடுத்த தண்டவாளத்தில் இன்னொரு ரயில் இணையாக வருமாயின், நம் ரயில் பின்தங்குவதைக் காணப் பொறாதவர்கள் குழந்தைகள் மட்டும் அல்லர். இந்த ஆசையைக் காசாக்கலாம் என்று கண்டவர்கள் கேளிக்கைப் பூங்காக்களை அமைத்தவர்கள். ஆயினும் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. உண்மையான பந்தயத்தில் வேகம் உண்டு. அதனோடு ஆபத்தும் உண்டு. குதிரை இடறினால் வீரன் விழுவான். மோட்டார் தடம் மாறினால் உயிர் போகும். ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு வரும் குமாஸ்தா அந்த ஆபத்துக்கு உடன்படமாட்டார். அவரைத் தண்டவாளத்தில் பிணைத்துவிட்டால் விபத்து இல்லை. ஆனால் முந்துவதற்கும் வழியில்லை. பிணைத்த வண்டியைப் பந்தயத்தில் ஓட வைப்பது எங்ஙனம் என்னும் இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகப் பலர் பலவாறு விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றில் சுவை மிகுந்த சில பகுதிகளை இங்கே காண்போம்.

ரஷ்ய நாட்டில் குளிர்காலத்தில் மரத்தால் உயர்ந்த சாரம் கட்டி, அதன் சரிவில் நீர் ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டியின்மேல் சறுக்கி விளையாடுவது பழைய வழக்கம். இவ்விளையாட்டுப் பாரிஸ் நகருக்குச் சென்றபோது, அங்கே பனியை நம்பித் தொழில் நடத்த முடியவில்லை. ஆகவே சறுக்குப் பலகைக்குச் சக்கரம் பூட்டினார்கள். 1817-ஆம் ஆண்டில் அந்நகரில் இத்தகைய சறுக்கு மலைகள் இரண்டு திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான போழோன் தோட்டத்து மலையில்தான் நம் பொருளின் தொடக்கத்தைக் காண்கிறோம். கோபுரத்தின் உச்சியிலிருந்து இரண்டு தடங்கள் இருபுறமும் பிரிந்து இறங்கி, வளைந்து, மீண்டும் ஒன்றையொன்று நாடி வந்தன. மேலிருந்து நோக்கினால் இதய வடிவம் தோன்றும். வண்டி குடை சாயாதிருக்க அதன் அச்சு தடத்தின் பள்ளத்திற்குள் பொருந்தி ஓடியது. இரண்டு வண்டிகள் புறப்பட்டால் இயல்பாகவே எது முந்தி வரும் என்னும் கேள்வி எழும் அல்லவா? எழுந்தது. எனினும் அதனைத் தொழிலாக்க அன்று எவரும் முயலவில்லை.

அமெரிக்காவில் இவ்விளையாட்டுக்கு வித்திட்டது நிலக்கரி. பென்சில்வேனியா மாநிலத்து மாக் சங்க் என்னும் ஊரில் 1827-ஆம் ஆண்டில் மலையிலிருந்து நிலக்கரியை இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். கரி வண்டி தன் பாரத்தால் தானே இறங்கும். வெறும் வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும். இழுக்கும் கழுதைகளும் ஒரு வண்டியில் நின்றபடியே கீழே பயணம் செய்தன என்பது வேடிக்கையான செய்தி. பிற்காலத்தில் கரிக்கு வேறு வழி பிறந்ததும், இத்தண்டவாளம் மனிதர்கள் உல்லாசமாக இறங்கும் பாதையாயிற்று. அதனைப் பின்பற்றி, காலுறை நெசவில் பொருள் ஈட்டிய லாமார்கஸ் தாம்ப்ஸன் என்பவர் 1884-ஆம் ஆண்டில் நியூயார்க்கை அடுத்த கோனி தீவில் ஒரு சறுக்கு ரயிலை அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஏறக்குறைய 6 மைல். பக்கம் பக்கமாக இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று போவதற்கு, மற்றொன்று திரும்புவதற்கு. இரண்டிலும் ஒரே திசையில் வண்டி விட்டால் என்ன என்பது தாம்ப்ஸனுக்குத் தோன்றவில்லை போலும்.

அதைத் தோற்றுவித்தவை குதிரைகள். கோனி தீவுப் பகுதியில் 1879 முதல் 1886 வரையுள்ள ஏழே ஆண்டுகளில் மூன்று பெரிய குதிரைப் பந்தய மைதானங்கள் ஏற்பட்டன. பந்தயம் என்றால் பணயம். பணயம் என்றால் கூட்டம். அக்கூட்டத்தில் பெரும்பாலோர் குதிரைமேல் ஏறி அறியாதவர்கள். வேலியோரம் நின்று கத்துவதே அவர்களுக்கு வாய்த்த பந்தயம். இவர்களையே குதிரைமேல் ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்டவர் ஜார்ஜ் டில்யூ என்னும் கோனி தீவுக்காரர்.

டில்யூ 1862-ஆம் ஆண்டில் பிறந்தவர். பிறவி வியாபாரி என்றே அவரைச் சொல்ல வேண்டும். 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக் கண்காட்சியில் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் நிறுவிய மாபெரும் ராட்டினத்தைக் கண்டதும் அதனை விலைக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. ஊர் திரும்பி அதனினும் சிறிய ஒன்றைக் கட்டி, உலகிலேயே பெரியது இதுவே என்று பலகை மாட்டினார்! பொய் பொய்தான், ஆனால் கூட்டம் மெய்யாகவே வந்தது. பின்னர், இங்கிலாந்தைச் சேர்ந்த காடெரி என்பவர் கண்டுபிடித்திருந்த இயந்திரக் குதிரைப் பந்தயத்தின் உரிமையைப் பெற்று, 1897-ஆம் ஆண்டில் தாம் திறந்த பூங்காவைச் சுற்றிலும் அதனை அமைத்தார். தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டீபிள்சேஸ்' என்னும் பெயரையே பூங்காவுக்கும் சூட்டினார்.

அதன் அமைப்பு மிக எளியது. பல தண்டவாளங்கள் பக்கம் பக்கமாகச் செல்லும். ஒவ்வொன்றின்மீதும் ஒரு மரக்குதிரை. அதன் அடியில் சக்கரங்கள். குதிரைக்குக் கால்கள் உண்டு, ஆனால் ஓடுவது சக்கரமே. உயரமான இடத்திலிருந்து எல்லாக் குதிரைகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். அதன்பின் அவற்றை இழுப்பது புவியீர்ப்பு ஒன்றே. ஓடையைத் தாண்டுவது போலவும் வேலியைத் தாண்டுவது போலவும் தடம் தாழ்ந்தும் எழுந்தும் செல்லும். ஒரு குதிரையில் இருவர் ஏறலாம். பெண் முன்னே அமர, ஆடவர் பின்னே அமர்ந்து அவளைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணும் பொதுவிடத்தில் கைகோத்து நடப்பதையே முகம் சுளித்து நோக்கிய அந்தக் காலத்தில், ஆலைகளிலும் கடைகளிலும் வாரம் முழுவதும் உழைத்த இளைஞர்களுக்கு இந்த அனுமதி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். குதிரை வென்றாலும் தோற்றாலும் அவர்களுக்கு நட்டமில்லை.

இப்பந்தயத்தில் வெல்வது யார் என்பதற்கு ஒரு விதி இருந்தது. கனத்தவர்கள் வென்றார்கள். இது சிந்திக்கத்தக்கது, ஏனெனில், பாரமுள்ள பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அது காற்றில்லாத வெளிக்கு உரிய விதி. சரிவில் இறங்கும் குதிரையைப் பூமி இழுக்கும் விசை பாரத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சக்கரத்தின் உராய்வும் ஏறக்குறைய அப்படியே கூடுகிறது. ஆனால் எதிர்க்காற்று தடுக்கும் விசையோ பாரத்தைப் பார்ப்பதில்லை. உடலின் பரப்பையும் ஓடும் வேகத்தையுமே பார்க்கிறது. ஒல்லியான ஒருவனும் பருத்த இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இறங்கினால், காற்றின் தடை ஒல்லியானவனின் வேகத்தைப் பெரிதும் குறைக்கும். பருத்தவர்கள் அதனைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வார்கள். ஆகவே வெற்றியை விரும்பியவன் தனியே ஏறாமல் துணையோடு ஏறினான். திறமை என்று சொல்லத்தக்கது இதில் அவ்வளவுதான். என்றாலும், இப்பந்தயத்தின் முடிவு எவருடைய கட்டளைக்கும் உட்படாதது என்பதை மறந்துவிடலாகாது. டில்யூ நினைத்தாலும் இன்ன குதிரைதான் வெல்ல வேண்டும் என்று செய்ய முடியாது. பிற்காலத்து இயந்திரங்கள் பலவற்றுக்கு இல்லாத நேர்மை இந்த மரக்குதிரைக்கு இருந்தது.

குதிரையை விட்டு இறங்கியவர்கள் வெளியேறும் வழி ஒரு மேடையின் குறுக்கே சென்றது. அங்கே தரையிலிருந்து பீறிடும் காற்று தொப்பியைப் பறிக்கும், பெண்களின் உடையைக் கலைக்கும், கோமாளிகள் துரத்துவார்கள். முன்னரே வெளியேறியவர்கள் எதிரே அமர்ந்து இதனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதனைப் பண்பட்ட கேளிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஒரு காசும் செலவின்றி வாடிக்கைக்காரர்களையே நடிகர்களாகவும் அவர்களையே ரசிகர்களாகவும் ஆக்கிய தந்திரத்தை வியக்காமலும் இருக்க முடியவில்லை.

1907-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பூங்கா தீப்பற்றி எரிந்தது. மறுநாள் டில்யூ அங்கே ஒரு பலகை வைத்தார். எரிந்துகொண்டிருக்கும் இடிபாடுகளைக் காண்பதற்குக் கட்டணம் பத்து சென்ட் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காசிலும் சிலர் கொடுத்து உள்ளே சென்றார்கள். அடுத்த ஆண்டே இரும்பும் கண்ணாடியும் கொண்ட பெரியதொரு மண்டபத்தோடு பூங்கா மீண்டும் எழுந்தது. மரக்குதிரைகளும் மீண்டும் ஓடின. இதற்கிடையே, சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று நியூயார்க் மாநிலத்தில் 1908-ஆம் ஆண்டில் நிறைவேறியது. இரண்டொரு ஆண்டுகளில் உயிருள்ள குதிரைகள் ஓடிய மூன்று மைதானங்களும் மூடப்பட்டன. அசலைப் பார்த்து நகல் செய்தார் டில்யூ. அசல் மறைந்தது, நகல் நிலைத்தது. 1914-ஆம் ஆண்டில் அவர் இறந்த பின்னரும் அவருடைய குடும்பத்தார் ஐம்பது ஆண்டுகள் அதனை நடத்தினார்கள். 1964-ஆம் ஆண்டோடு பூங்கா மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கண்ணாடி மண்டபமும் இடிக்கப்பட்டது.

குதிரையை வேறு விதமாக ஓடவைத்தவர்களும் உண்டு. நம் திருவிழாக்களில் காணும் குடை ராட்டினத்தில் குதிரைகள் தம் இடத்திலேயே நிலைத்து நிற்கும். முன்னே செல்லும் குதிரையைப் பின்னே வருவது ஒருநாளும் எட்டாது. 1920-ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரயர், சர்ச் என்னும் இருவர் இதனை மாற்றினார்கள். சுழலும் மேடையில் நான்கு நான்காக வரிசையில் நிற்கும் குதிரைகள், தத்தம் பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும்படி செய்தார்கள். மேடை விரைந்து சுழலும்போது ஒரு குதிரை முந்துகிறது, பின்தங்குகிறது, மீண்டும் முந்துகிறது. மேடை நிற்கும் தறுவாயில் எது முன்னே இருக்கிறதோ அதுவே வென்றது. இதில் கனத்தவருக்கும் சலுகை இல்லை.

இவ்வகையில் 64 குதிரைகள் கொண்ட ஒன்று ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், யூக்லிட் பீச் என்னும் பூங்காவில் இருந்தது. அப்பூங்காவின் பெயரைச் சொல்லும்போது வேறொன்றையும் சொல்லாமல் கடக்க இயலாது. நடன மண்டபம் முதலிய சில இடங்களில் கறுப்பின மக்களுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. 1946-ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் இதனை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். பூங்காவின் காவலர்களால் தாக்கவும் பட்டார்கள். நான்கு குதிரைகளுக்கும் ஒரே வரிசையில் இடம் அளித்த இயந்திரம் நின்ற இடத்தில், மனிதருக்குள் அந்தச் சமத்துவத்தைப் பெறப் போராட வேண்டியிருந்தது. அப்பூங்கா 1969-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. குதிரைகள் அதற்கு முன்பே அதே மாநிலத்து சீடர் பாயிண்ட் பூங்காவுக்குச் சென்றுவிட்டன. 1967 முதல் அவை அங்கே சுழன்று வருகின்றன.

இனி, ரோலர் கோஸ்டர் என்று உலகெங்கும் வழங்கும் சறுக்கு ரயிலுக்கு வருவோம். இதன் வேகத்தைக் கூட்டியதில் பெரும்பங்கு ஜான் மில்லர் என்னும் பொறியாளருக்கு உரியது. மேட்டின் உச்சியைக் கடக்கும் வண்டி மேலே எழும்பிப் பறந்துவிடும் என்ற அச்சத்தால் அதுவரை மேடுகளைத் தாழ்வாகவே கட்டினார்கள். மில்லர் தண்டவாளத்தின் அடிப்புறத்தையும் தொட்டு ஓடும்படி மற்றொரு சக்கரத்தைப் பூட்டி, 1919-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று தண்டவாளத்தைக் கவ்விக்கொண்ட வண்டி இனி எழும்பாது. பிறகென்ன? மேடுகள் உயர்ந்தன, சரிவுகள் செங்குத்தாயின.

அவரே பிட்ஸ்பர்க் நகரை அடுத்த கென்னிவுட் பூங்காவில் 1927-ஆம் ஆண்டில் ஒரு பந்தய ரயிலை அமைத்தார். இரண்டு ரயில்கள் ஒரே வேளையில் புறப்பட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். பார்ப்பவர்களுக்கு இரண்டு தடங்கள். உண்மையில் இருப்பது ஒன்றே. ஒரு காகித நாடாவை ஒருமுறை முறுக்கி முனைகளை ஒட்டிப் பாருங்கள். இரு பக்கம் உள்ளதாகத் தோன்றும் நாடாவில் ஒரு பக்கமே இருக்கும். கணித அறிஞர் மோபியஸின் பெயரால் வழங்கும் அந்த நாடாவைப் போன்றதே இந்தத் தடமும். இடப்புறத்தில் புறப்பட்ட ரயில் வலப்புறத்தில் வந்து நிற்கும். இரண்டாம் சுற்றில்தான் தொடங்கிய இடத்தை அடையும். இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரத்து 'கிராண்ட் நேஷனல்' ரயிலும் இவ்வாறே 1935-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. லிவர்பூலில் ஆண்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தின் பெயர் அது. அப்பந்தயத்தில் குதிரைகள் தாண்டும் வேலிகளின் பெயர்களை இங்கே ரயில் கடக்கும் இடங்களில் எழுதி வைத்தார்கள். இவற்றிலும் முடிவு இயற்கையின் கையிலேயே இருந்தது. ஏறியவர்களின் பாரம், சக்கரத்தின் தேய்மானம், வெயிலில் இளகிய மசகு ஆகியவற்றைப் பொறுத்து வெற்றி மாறும்.

இதுவரை சொன்ன எவற்றிலும் பயணிக்கு வேலை இல்லை. அவன் கையில் வண்டியைக் கொடுத்தால் என்னவாகும் என்பதை 1955-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னியின் பூங்கா திறக்கப்பட்டபோது, 'ஆட்டோபியா' என்னும் பகுதியில் பெட்ரோலால் ஓடும் சிறிய மோட்டார் வண்டிகளைச் சிறுவர்களே ஓட்டினார்கள். நடுவே வழிகாட்டும் தண்டவாளம் இல்லை. விரைவு நெடுஞ்சாலையில் ஒழுங்காக வண்டி ஓட்டுவதைச் சிறுவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது எண்ணம். சிறுவர்கள் கற்றுக்கொண்டது, ஒன்றின்மேல் ஒன்று மோதுவதை! சில நாட்களுக்குள் பெரும்பாலான வண்டிகள் உடைந்து கொட்டகைக்குச் சென்றன. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான், ஜூன் 11 அன்று, பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மோட்டார் கூட்டத்தினுள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். விளையாட்டு வண்டிகளில் அத்தகைய வேகம் இல்லை என்பது நல்லூழ். பத்து ஆண்டுகள் சென்று, 1965-ஆம் ஆண்டில், ஆட்டோபியாவின் சாலை நடுவே தண்டவாளம் போடப்பட்டது. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பலாம். தடத்தை விட்டு விலக முடியாது. கேளிக்கைப் பூங்கா தன் பழைய ஞானத்துக்கே திரும்பியது.

வேகமும் வேண்டும், மோட்டார் என்னும் உணர்வும் வேண்டும், ஆனால் ஓட்டுநர் கூடாது. இதற்கு விடையாகப் புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 1999-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று 'டெஸ்ட் டிராக்' திறக்கப்பட்டது. திறக்கத் திட்டமிட்டது 1997-ஆம் ஆண்டில். சக்கரங்களும் கட்டுப்பாட்டு முறையும் தந்த தொல்லையால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாமதமாயிற்று. ஆறு பேர் அமரும் இவ்வண்டி உண்மையான சாலைமேல் டயரில் ஓடுகிறது. சாலையின் நடுவே நீண்ட பிளவு ஒன்று உண்டு. வண்டியின் அடியிலிருந்து ஒரு பகுதி அதனுள் இறங்கி, வழியையும் அறிகிறது, அங்குள்ள மின்கம்பிகளிலிருந்து மின்சாரத்தையும் பெறுகிறது. பிள்ளைகள் தரையில் தடம் பரப்பி ஓட்டும் மின்சாரப் பொம்மைக் காரின் தத்துவமே இது. ஒரு வண்டிக்குச் சக்கரங்கள் மட்டும் 22, கணிப்பொறிகள் மூன்று. கட்டடத்தைச் சுற்றியுள்ள சாய்ந்த வளைவில் மணிக்கு 65 மைல் வேகம் எட்டுகிறது.

புவியீர்ப்பால் ஓடும் ரயிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சறுக்கு ரயிலில் தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, முன் பகுதி காலியான பிறகே அடுத்த ரயிலை அதனுள் விடுவார்கள். இது ரயில்வேயில் நாம் அறிந்த கைகாட்டி முறையே. வண்டியின் வேகத்தைத் தீர்மானிப்பவை மலையும் தடுப்பும். வண்டிக்குத் தன் அறிவு இல்லை. டெஸ்ட் டிராக் வண்டியோ தன் மோட்டாரைத் தானே சுமக்கிறது. எந்த இடத்தில் எந்த வேகம் என்பதைக் கணிப்பொறி நொடிதோறும் அறிந்து ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. பத்துக் கல் பாரம் கூடினால் மோட்டார் அதற்கேற்பக் கூடுதலாக உழைக்கும், வேகம் மாறாது. கனத்தவர்களின் காலம் இங்கே முடிந்தது.

வேகத்தை மட்டும் பெரிதென எண்ணுவோருக்கு அபுதாபியில் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஃபெராரி பூங்காவின் 'ஃபார்முலா ரோஸா' இருக்கிறது. பந்தயக் கார் வடிவிலான இந்த ரயிலை நீரியல் விசையால் சுழலும் உருளை ஒன்று கம்பிவடம் கொண்டு இழுத்து வீசுகிறது. ஏறக்குறைய ஐந்து நொடிகளில் மணிக்கு 240 கிலோமீட்டர்! கணக்கிட்டுப் பார்த்தால், புவியீர்ப்பின் முடுக்கத்தைப் போல் சராசரி 1.4 மடங்கு முடுக்கம் ஆகிறது. மணலும் பூச்சியும் கண்ணைத் தாக்காதிருக்கப் பயணிகள் கண்ணாடி அணிகிறார்கள். திறந்த காலத்தில் உலகிலேயே மிக விரைவான சறுக்கு ரயில் இதுதான். ஆனால் பக்கத்தில் மற்றொரு ரயில் இல்லை. ஆகவே இதனைப் பந்தயம் என்று கொள்ள நான் சிறிது தயங்குவேன்.

கலிபோர்னியாவில் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட 'ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ்' இதற்கு நேர் எதிரானது. வேகம் 40 மைல்தான். டெஸ்ட் டிராக்கின் முறையிலேயே பிளவில் ஓடும் இரண்டு வண்டிகள் தொடக்கக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று, கொடி அசைந்ததும் செம்பாறைகளுக்கிடையே பாய்கின்றன. ஒன்று முந்துகிறது, வளைவில் மற்றது முந்துகிறது, பயணிகள் கையசைத்து ஆரவாரம் செய்கிறார்கள். வெல்வது எது என்பதை ஒவ்வொரு முறையும் கணிப்பொறி குலுக்கல் போல் தேர்ந்தெடுக்கிறது. வண்டியில் அமர்ந்தவர்கள் அதனை அறியார். எத்தனை பேர் அமர்ந்தாலும், எவ்வளவு குனிந்து காற்றைத் தவிர்த்தாலும் முடிவு மாறாது. டில்யூவின் மரக்குதிரையில் துணையோடு ஏறினால் வெல்லலாம் என்றாவது ஒரு நம்பிக்கை இருந்தது. இங்கே தோற்ற வண்டியிலிருந்து இறங்கும் சிறுவனுக்கு எஞ்சியிருப்பது, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பது ஒன்றுதான். பெரும்பாலான சிறுவர்கள் அதையே செய்கிறார்கள்.